மிஞ்சிய பதினைந்து நெல்

மண்ணச்சநல்லூரில் அரிசியை யாரும் எண்ணுவதில்லை. சிப்பம் கணக்கில் விலை பேசுவார்கள், டன் கணக்கில் லோடு ஏற்றுவார்கள். திருச்சியிலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் துறையூர் ரோட்டைப் பிடித்தால், ஊருக்கு முன்னால் ஊரின் வாசனை வந்துவிடும். அவித்த நெல்லின் அந்த வெதுவெதுப்பான, லேசாகப் புளித்த மணம். பொன்னி அரிசி என்றால் இந்த ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள்.

இந்த ஊரில் அரிசியை மணி மணியாகப் பார்க்கிற ஒரே ஆள் சார்டெக்ஸ் மிஷின். தீட்டிய அரிசி ஒரு சரிவுத் தகட்டில் அருவி மாதிரி இறங்கும். இறங்குகிற வேகத்திலேயே கேமரா ஒவ்வொன்றையும் பார்த்துவிடும். கருப்பு, பழுப்பு, கல் என்று பட்டால் காற்றுக்குழாய் 'டப்'பென்று ஊதி அந்த ஒன்றை மட்டும் வெளியே தள்ளும். பக்கத்தில் நின்றால் அந்த டப் டப் ஓயாமல், சோளம் பொரிகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு கிராமில் எத்தனை அரிசி இருக்கும்? ரகத்துக்கு ரகம் மாறும். மனக்கணக்குக்காக 64 என்று வைத்துக்கொள்கிறேன். ஏன் 64 என்பது போகப் போகத் தெரியும். மிஷின் மணிக்கு நாலு டன் பார்க்கிறது என்றால், ஒரு மணி நேரத்தில் 25 கோடியே 60 லட்சம் அரிசியைப் பார்த்துவிடுகிறது. எந்த மனிதக் கண்ணுக்கும் இது எட்டாத வேகம். இதே மிஷினிடம் நான் சொல்லப்போகிற எண்ணைக் கொடுத்தால், ராப்பகல் நிற்காமல் ஓடி முடிக்க 82 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

எண் இது: 18,446,744,073,709,551,615. நம் முறையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615. மூச்சு வாங்கும்.

இது எங்கிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவரிடம் ராஜா என்ன வேண்டும் என்று கேட்கிறார். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நாலு, இப்படி இரட்டித்துக்கொண்டே 64 கட்டத்துக்கும் கொடுத்தால் போதும் என்கிறார் அவர். ராஜா சிரிக்கிறார், பிறகு சிரிப்பு நின்றுபோகிறது. கேரளத்தில் அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசத்துக்குப் பின்னாலும் இதே கதைதான். அங்கே ஆட வந்தவர் கிருஷ்ணன், தோற்ற ராஜா அரிசிக் கடனைப் பாயசமாக இன்றுவரை அடைத்துக்கொண்டிருக்கிறார். நம் பக்கத்தில் நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் இருக்கிறார். சிவன் சதுரங்கம் ஆடி ராஜகுமாரியை ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்ட தலம். ஆனால் அங்கே பேச்சு பெண்ணைப் பற்றி, அரிசியைப் பற்றி இல்லை.

கதையை எல்லாரும் 'அடேயப்பா எவ்வளவு பெரிசு' என்ற இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் குறை. பெரிசு என்பது ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லக்கூடியதிலேயே மிகக் குறைந்த தகவல். இதைவிடப் பெரிய எண் வேண்டுமென்றால் ஒன்றைக் கூட்டினால் போயிற்று. இந்த எண்ணுக்கு உள்ளே இருக்கிற கட்டுமானம் வேறு விஷயம். அதைத் திறந்து பார்க்கப் பல நூற்றாண்டு ஆயிற்று. பல ஊர் சுற்றித்தான் திறந்தது.

எண்ணை முழுதாக எழுதிவைத்த பழைய ஆட்களில் ஒருவர் அல் பிரூனி என்ற அறிஞர். கி.பி. 1000 வாக்கில் எழுதிய காலக்கணக்கு நூலில், சதுரங்கக் கட்டங்களை ஒவ்வொன்றாக இரட்டித்துக்கொண்டு உட்காராமல் ஒரு குறுக்குவழி சொல்கிறார். ஒரு கட்டத்தின் மணிகளை அதே எண்ணால் பெருக்கினால், முதல் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தூரமோ அதே அளவு இன்னும் தள்ளியிருக்கிற கட்டத்தின் மணி கிடைத்துவிடும். ஐந்தாவது கட்டத்தில் 16. பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. அது ஒன்பதாவது கட்டம். 256ஐ 256ஆல் பெருக்கினால் 65,536. அது பதினேழாவது. இன்னும் இரண்டு பெருக்கல், அறுபத்தைந்தாவது கட்டத்துக்குப் போய்விடலாம். பலகையில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. ஆனால் அங்கே போய் ஒன்றைக் கழித்தால், பின்னால் இருக்கிற 64 கட்டத்தின் மொத்தமும் கையில். கோடி கோடியாகக் கூட்டவேண்டிய வேலையை நாலு பெருக்கலில் முடித்த ஆள் அவர்.

இரண்டரை நூற்றாண்டு கழித்து இப்னு கல்லிகான் என்ற வரலாற்றாசிரியர் இதே கதையை எழுதும்போது முதலில் தனக்கே நம்பிக்கை வரவில்லை என்கிறார். அலெக்சாந்திரியாவில் ஒரு கணக்கர் தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்கர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பதினாறாவது கட்டம் வரை மணியை எண்ணினார். அங்கே 32,768. இதை ஒரு படி என்று வைப்போம் என்று சொல்லி, அதற்கு மேல் படியை இரட்டித்தார். படி பெருகியதும் பெரிய மரக்காலுக்கு மாறினார். பிறகு களஞ்சியம். களஞ்சியங்கள் 1,024 ஆனதும் அதை ஒரு நகரம் என்றார். கடைசிக் கட்டத்துக்கு வரும்போது 16,384 நகரங்கள் தேவைப்பட்டன.

அரபு தேசத்தில் அது கோதுமை. நம் ஊரில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் எப்படிப் போட்டிருப்பார்கள்?

காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் முகத்தல் அளவையை நெல்லிலிருந்துதான் தொடங்குகிறது. 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. அதற்கு மேல் பாருங்கள்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஆழாக்கிலிருந்து தூணி வரைக்கும் ஒரே இரட்டிப்பு. நடுவில் வருகிற எட்டும் மூன்று இரட்டிப்புதான். சதுரங்கப் பலகை இல்லாமலே நம் களத்துமேட்டில் அதே ஏணி நின்றுகொண்டிருந்தது. மரக்கால் பிடித்து அளந்தவர்கள் எல்லாரும் அதில்தான் ஏறி இறங்கினார்கள்.

கணக்குப்படி ஒரு நாழிக்கு 14,400 நெல், ஒரு கலத்துக்கு 13,82,400. இன்றைய எடையில் ஒரு கலம் முப்பது கிலோவை ஒட்டி வரும். இரண்டு கலம் ஒரு மூட்டை என்று தஞ்சாவூர்ப் பக்கம் சொல்வது இதோடு சரியாகப் பொருந்துகிறது. ஊருக்கு ஊர் கலம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நான் கணக்கதிகாரத்தையே பிடித்துக்கொள்கிறேன்.

இப்போது பலகையில் அரிசியை எடுத்துவிட்டு நெல்லை வைப்போம். முதல் வரிசை எட்டுக் கட்டமும் சேர்ந்து 255 நெல். ஒரு செவிடுகூட இல்லை, உள்ளங்கையில் அடங்கும். இரண்டு வரிசைக்கு 65,535, நாலரை நாழிச் சொச்சம். பாதிப் பலகை, அதாவது 32 கட்டம் முடியும்போது மொத்தம் 4,294,967,295 நெல். கலமாக்கினால் 3,106 கலத்துக்குக் கொஞ்சம் மேலே.

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் தஞ்சை நாயக்கர்கள் 1600க்கும் 1634க்கும் இடையில் கட்டிய நெற்களஞ்சியம் இன்னும் நிற்கிறது. 36 அடி உயரம், 86 அடி அகலம். கொள்ளளவு 3,000 கலம் என்று சொல்லப்படுகிறது. பாதிப் பலகையின் நெல்லைக் கொண்டுபோய் அதில் கொட்டினால் களஞ்சியம் நிறைந்து, நூறு கலம் வெளியே வாசலில் கிடக்கும். திட்டமிட்டு யாரும் அமைத்ததில்லை, தற்செயல்தான். ஆனாலும் அந்தக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறவருக்கு ஒரு எண் முழு உருவத்தில் எதிரே நிற்கிறது. இவ்வளவு பெரிய எண்ணுக்கு அப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம்.

ராஜா பாதிப் பலகை வரைக்கும் தாக்குப்பிடிப்பார். ஒரு களஞ்சியம்தானே. மீதிப் பாதிக்கு அதே மாதிரி 429 கோடிச் சொச்சம் களஞ்சியம் வேண்டும். அரிசியிலேயே பார்த்தாலும் சரி, கிராமுக்கு 64 என்ற என் கணக்கில் 54ஆவது கட்டம் ஒன்று மட்டும் 14 கோடி டன். 2023-24இல் இந்தியா முழுக்க விளைந்த அரிசியே 13.78 கோடி டன்தான். இன்னும் பத்துக் கட்டம் பாக்கி இருக்கிறது.

இந்த '429 கோடி மடங்கு' என்ற இடத்தில்தான் எண்ணின் பூட்டு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், பென்சில்கூட வேண்டாம்.

முதல் இரண்டு கட்டம் சேர்ந்து 3. அடுத்த இரண்டு கட்டம் இதே மூன்றின் நாலு மடங்கு. ஆக நாலு கட்டத்துக்கு மூன்றும், மூன்றின் நாலு மடங்கும். அதாவது 3 × 5 = 15. அடுத்த நாலு கட்டம் இந்தப் பதினைந்தின் 16 மடங்கு. ஆக முதல் வரிசை 15 × 17 = 255. இரண்டாம் வரிசை முதல் வரிசையின் 256 மடங்கு. ஆக இரண்டு வரிசைக்கு 255 × 257. அடுத்த இரண்டு வரிசை அதன் 65,536 மடங்கு. ஆக பாதிப் பலகைக்கு இன்னொரு 65,537ஆல் பெருக்க வேண்டும். கடைசியாக மீதிப் பாதி. அதற்கு 4,294,967,297.

பலகையை இரண்டிரண்டாக மடித்துக்கொண்டே வந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு காரணி உதிர்கிறது: 3, 5, 17, 257, 65,537, பிறகு 4,294,967,297. ஏதோ ஒரு இரட்டிப்போடு ஒன்றைக் கூட்டிய எண்கள் இல்லை இவை. அல் பிரூனி வர்க்கப்படுத்திக்கொண்டே தாண்டிப்போன அதே கட்டங்களோடு ஒன்றைக் கூட்டியவை. அவர் கையில் சாவி இருந்தது, பூட்டு எதிரில் இருந்தது. ஆனால் அவருக்கு வேண்டியது மொத்தம்.

1640இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சு வக்கீல் இந்த வரிசையைக் கவனித்தார். தொழில் நீதிமன்றத்தில், மூளை முழுக்க எண்களில். முதல் ஐந்தும் பகா எண்கள், ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாதவை. ஆறாவதும் அப்படித்தான், அதற்குமேல் போனாலும் அப்படித்தான் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். நிரூபணம் கிடைக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அவர் காலத்தில் அவரை மறுக்க ஆள் இல்லை. மறுக்க வேண்டுமென்றால் 429 கோடியை வகுக்கிற எண்ணைக் கையால் தேட வேண்டும்.

அந்த எண் 92 வருஷம் பகா எண் என்ற பெயரோடு வாழ்ந்தது. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர், இளைஞராக இருந்த ஆய்லர் என்ற இன்னொரு கணிதருக்கு ஒரு கடிதம் எழுதி, ஃபெர்மா சொன்னது சரிதானா என்று பின்குறிப்பில் கேட்டார். (1729 என்று எழுதினால் தமிழ் வாசகர்களுக்கு ராமானுஜனும் டாக்ஸியும் ஞாபகம் வரும். இது வெறும் வருஷம்.) ஆய்லருக்கு முதலில் அக்கறை இல்லை. கோல்ட்பாக் விடவில்லை. 1732இல், தன் 25 வயதில், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஆய்லர் விடை சொன்னார்: 4,294,967,297 என்பது 641 × 6,700,417.

641 எப்படிக் கிடைத்தது? இந்த எண்ணை எந்தப் பகா எண் வகுத்தாலும் அது 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க முடியும். இதைப் பிற்பாடு ஆய்லரே நிறுவினார். சதுரங்கத்தின் 64 இங்கே வேறு வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது. ஆயிரக்கணக்கில் தேட வேண்டியதை ஐந்து வகுத்தலில் முடித்துவிடலாம். எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, 64க்குப் பக்கத்தில் ஒரு 1. 64ஐப் பத்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 641.

வகுக்காமலேயே நம்ப வைக்கவும் வழி உண்டு. 641 என்பது 5 × 128உடன் ஒன்று. அதே 641, 625உடன் 16. அதாவது ஐந்தின் நாலாம் அடுக்கும் இரண்டின் நாலாம் அடுக்கும் சேர்ந்தது. இப்போது 641 என்ற ஒரு மரக்காலால் எல்லாவற்றையும் அளந்து மீதியை மட்டும் பார்ப்போம். 5 × 128 மரக்காலுக்கு ஒன்று குறைவு. அதை நாலு தடவை தன்னோடு பெருக்கினால் 'ஒன்று குறைவு' நாலு தடவை பெருகி 'ஒன்று அதிகம்' ஆகிவிடும். அதற்குள்ளே 625ம், இரண்டின் 28ஆம் அடுக்கும் இருக்கின்றன. 625 மரக்காலுக்கு 16 குறைவு. எனவே அதை எடுத்துவிட்டு 'பதினாறு குறைவு' என்று வைக்கலாம். பதினாறோடு இரண்டின் 28ஆம் அடுக்கைப் பெருக்கினால் 32ஆம் அடுக்கு. ஆக, இரண்டின் 32ஆம் அடுக்கு 'ஒன்று குறைவு'. ஒன்றைச் சேர்த்தால் மரக்கால் நிறைகிறது, மீதி இல்லை. முடிந்தது. நான் இதைக் கல்லூரியில் படித்தபோது முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்ததும், இதில் ஏதோ கைவித்தை இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படியாக ராஜா கொடுக்கவேண்டிய நெல்லின் முழு ஜாதகம் இது: 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரு தடவை மட்டும். எந்தெந்த எண்ணிக்கை ஆட்களுக்குச் சமமாகப் பங்கு போடலாம் என்று கேட்டால் 128 விதம். இரண்டு பலகையின் கட்டங்கள் அளவுக்கு. ஐந்து பேர் வந்தால் பங்கு சரியாக வரும், பதினேழு பேர் வந்தாலும் வரும், 641 பேர் வந்தாலும். ஏழு பேர் வந்தால் ஒரு நெல் மிஞ்சிச் சண்டை வரும்.

பாதிப் பலகைக்குத் தனியாக ஒரு பெருமை உண்டு. 1796இல் காஸ் என்ற 18 வயது இளைஞர், அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று காட்டினார். ஒற்றைப்படைப் பக்கங்களில் வரையக்கூடியவை எவை என்றால், ஃபெர்மாவின் அந்த ஐந்து பகா எண்களை ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் எடுக்காமல் பெருக்கிக் கிடைப்பவை. ஐந்தையும் சேர்த்துப் பெருக்கினால் பாதிப் பலகை. அதாவது திருப்பாலைத்துறையில் நாம் கொட்டிய ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரு பக்கம் என்று வைத்து ஓர் ஒழுங்குப் பலகோணம் வரையலாம், கொள்கையளவில். ஒற்றைப்படைப் பக்கங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பெரியது அதுதான். ஃபெர்மாவின் வரிசையில் ஆறாவது பகா எண் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. பலகையை இரண்டாக்கி 128 கட்டம் வைத்தால் வருகிற அடுத்த காரணியையும் 1880இல் லாந்த்ரி என்பவர் உடைத்துவிட்டார்: 274,177 × 67,280,421,310,721. அப்போது அவருக்கு வயது 82.

64 கட்டம் இப்படிச் சுக்குநூறாக உடைவதற்குக் காரணம் 64 என்ற எண்ணே பாதி பாதியாக உடைவதுதான். கதையில் வந்த அறிஞர் வேறு இடத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தால்? 31ஆவது கட்டத்தோடு நிறுத்தியிருந்தால் மொத்தம் 2,147,483,647 நெல். இது பகா எண் என்று 1772இல் அதே ஆய்லர், ஏறக்குறையக் கண்பார்வை போன காலத்தில் நிறுவினார். அந்தக் குவியலை இரண்டு பேருக்கோ இருநூறு பேருக்கோ எத்தனை பேருக்குமே சமமாகப் பிரிக்க முடியாது. ஒருத்தரே எடுத்துப் போக வேண்டும், இல்லையென்றால் ஆளுக்கு ஒரு நெல். இப்படி மொத்தம் பகா எண்ணாக வருகிற இடங்கள் பலகையில் ஒன்பதே ஒன்பது: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61. அறுபத்தொன்றை 1644இல் மெர்சென் என்ற பாதிரியார் தன் பட்டியலில் கோட்டைவிட்டார். 1883இல் ரஷ்யக் கிராமத்துப் பாதிரியார் பெர்வூஷின் அதைப் பிடித்தார்.

அதே 1883இல்தான் நம் எண் காசிக்கு வந்தது, பொம்மையாக. பகா எண்களைச் சோதிப்பதில் பேர்போன பிரெஞ்சுக்காரர் எதுவார் லூக்கா, ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தன் பெயரைப் புரட்டிப்போட்டு 'சயாம் நாட்டு கிளாஸ்' என்று போட்டுக்கொண்டார். கூடவே ஒரு கதை உலவியது. காசிக் கோயிலில் மூன்று வைர ஊசிகள், ஒன்றில் 64 தங்கத் தகடுகள். அவற்றை ஒவ்வொன்றாக இன்னோர் ஊசிக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் பிராமணர்கள். பெரியதைச் சிறியதன்மேல் வைக்கக்கூடாது, முடிகிற அன்றைக்கு உலகம் முடியும். எத்தனை தடவை நகர்த்த வேண்டும்? 18,446,744,073,709,551,615. நொடிக்கு ஒன்று என்றாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். காசியில் அப்படி ஒரு கோயில் கிடையாது. எண் மட்டும் நிஜம். இந்தியாவிலிருந்து போனதாகச் சொல்லப்படுகிற எண்ணை, இந்தியக் கதை என்று சொல்லியே பாரிஸ்காரர்கள் நமக்குத் திருப்பி விற்றார்கள்.

ராமானுஜன் இந்தப் பலகையைக் கையில் எடுக்கவில்லை, ஆனால் பலகையில் வைக்கிற மணிகளை எடுத்தார். 1913இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் ஒரு கேள்வி போட்டார். அதை நம் பாஷையில் சொன்னால்: ஒரு கட்டத்திலிருந்து ஏழு நெல்லை எடுத்துவிட்டு, மீதியைச் சதுரமாக, வரிசையும் நிரலும் சமமாக அடுக்க முடியுமா? எட்டில் ஏழு போனால் ஒன்று. பதினாறில் ஏழு போனால் 9, மூன்றுக்கு மூன்று. முப்பத்திரண்டில் 25. நூற்றிருபத்தெட்டில் 121, பதினொன்றுக்குப் பதினொன்று. பிறகு ஒரு நீண்ட மௌனம். பதினாறாவது கட்டத்தில், அலெக்சாந்திரியாக் கணக்கர் மணியை விட்டுப் படிக்கு மாறிய அதே 32,768இல், ஏழை எடுத்தால் 32,761. அது 181 × 181. இந்த ஐந்தையும் சொல்லி, வேறு இருந்தால் கண்டுபிடியுங்கள் என்பது அவர் கேள்வி. பலகை முடிவில்லாமல் நீண்டாலும் வேறு கிடையாது என்று நார்வேக்காரர் நாகெல் 1948இல் நிறுவினார். ராமானுஜன் அப்போது இல்லை. உலர்களத்தில் நெல்லைப் பரப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயமா இது? எங்கிருந்து ஏழு தோன்றியது என்று யோசித்தால் எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் எண் கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்தது. கம்ப்யூட்டர் எண்ணுவதே சதுரங்கக் கட்டங்களில்தான். கட்டத்தில் மணி இருக்கிறது அல்லது இல்லை. 32 கட்டமும் நிறைந்தால் பாதிப் பலகை, 64 கட்டமும் நிறைந்தால் முழுப் பலகை. பாதிப் பலகைக் காலம் நாம் பார்த்த காலம். இணையத்தின் பழைய முகவரிகள் பாதிப் பலகை அளவில்தான் இருந்தன. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதி தீர்ந்துபோனது. 1970லிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டு வருகிற பழைய நிரல்கள் 31 கட்டத்தில் நிற்கும். ஆய்லர் பகா எண் என்று நிறுவிய அந்த 2,147,483,647ஆவது நொடி, 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு வருகிறது. அதற்கு முன்னால் எல்லாரும் முழுப் பலகைக்கு மாறியாக வேண்டும். செல்போன்கள் பெரும்பாலும் மாறிவிட்டன. மண்ணச்சநல்லூரில் லாரிக்காரர் சட்டைப்பையில் வைத்திருக்கிற போனில், கதையில் ராஜா கொடுக்க முடியாமல் போனது ஒற்றைப் பெட்டிக்குள், 64 ஒன்றுகளாக, எடையே இல்லாமல் அடங்கிக் கிடக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. மொத்த நெல்லையும் கணக்கதிகாரத்தின்படி அளந்து முடித்தால் எவ்வளவு மிஞ்சும்? கலமாகச் சுமார் 13,34,400 கோடி வரும், அதில் பதினோரு லட்சம் கலம் போலக் குறையும். அது இருக்கட்டும். செவிடு செவிடாக, 360 நெல்லாக, கடைசிவரை அளந்தால்? பதினைந்து நெல் மிஞ்சும்.

இத்தனை பெரிய எண்ணில் மிச்சத்தை எப்படிச் சொல்கிறேன் என்றால், முதல் நாலு கட்டத்தின் மொத்தமே 15, அதாவது 16இல் ஒன்று குறைவு. அங்கிருந்து பன்னிரண்டு கட்டம் தள்ளிப்போனால் 16 என்பது 4,096 மடங்காகிறது. கூடுதலாகச் சேர்வது 16 × 4,095. இந்த 4,095 என்பது 45 × 91. பதினாறை நாற்பத்தைந்தால் பெருக்கினால் 720, சரியாக இரண்டு செவிடு. ஆக, சேர்ந்ததெல்லாம் முழுச் செவிடுகள், மீதி மாறவில்லை. 4, 16, 28, 40, 52, 64. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதே பதினைந்து.

64 கட்டத்தைச் சோதிக்க ஆயுசு போதாது. 16 கட்டத்தை வீட்டிலேயே செய்யலாம், ஒன்றரைக் கிலோவுக்குள்தான் நெல் செலவாகும். ஏதாவது ஒரு மில்லில் கேட்டால் சாக்கைப் பிரித்துக் கையோடு அள்ளிக் கொடுப்பார்கள். 65,535 நெல்லை எண்ணி, கணக்கதிகாரம் சொல்கிற அளவுப்படி அளந்தால் நாலு நாழி, ஓர் உரி, இரண்டு செவிடு. தரையில் பதினைந்து நெல் கிடக்கும்.